அரிவாளுக்கு ஓர் உறை

பீடோரில் மழை விட்ட மறுநாள்
தோலில் பூஞ்சை பூக்கும்.
உலர்ந்த துணியால் துடைத்து
கொடியில் தொங்கவிடுவேன்,
பையனின் பள்ளிச் சட்டைகளுக்கு நடுவே
ஓர் ஆட்டின் தோள்பட்டையை.

கார் நிறுத்த வேண்டிய இடத்தில் என் பட்டறை.
கார் இல்லாததால் இடம் தாராளம்.
பிளாஸ்டிக் மேசை, இரண்டு ஊசி, ஒரு குத்தூசி,
கவிழ்த்துப் போட்ட அம்மிக்கல்.
சுத்தியல் விழும்போது கல் அசையாது.
சத்தம் மட்டும் சுவர் தாண்டி
கிருபாவதி அக்காவின் தொடர்நாடகத்துக்குள் போய்
யாரையோ கொலை செய்துவிட்டு வரும்.

பணப்பை வாங்க வந்த ரொஹாயாவின்
முதல் கேள்வி: பன்றியா?
கைப்பை வாங்க வந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியையின்
முதல் கேள்வி: மாடா?
நான் தோலைத் திருப்பி வெளிச்சத்தில் காட்டுவேன்.
பன்றியென்றால் மயிர்க்கண்கள்
மும்மூன்றாய்ச் சேர்ந்திருக்கும், கோலப்புள்ளி மாதிரி.
இது ஆடு.
ஆட்டைப் பற்றி
எந்தச் சாமிக்கும் ஆட்சேபம் இல்லை, பாவம்.

நாத்தனார் எதுவும் கேட்பதில்லை.
வருவாள், நாற்காலி நுனியில் உட்காருவாள்,
தண்ணீர் குடிக்காமல் போவாள்.
கப்பலேறி வந்து நான்கு தலைமுறை.
அவள் மடியில் இருக்கும் கைப்பையும் தோல்தான்.
இத்தாலி என்று எழுதியிருக்கிறது.

ஒரு சனிக்கிழமை ஜஹிருல் வந்தான்.
செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவன்.
அரிசிச் சாக்கில் சுற்றியதை
மோட்டார் சைக்கிளிலிருந்து இறக்கிப் பிரித்தான்.
அரிவாள்.
இதற்கு ஓர் உறை வேண்டும் என்று
மலாயில் பாதியும் கையில் பாதியுமாகச் சொன்னான்.
முந்தின வாரம் பள்ளத்தில் வண்டி குதித்தபோது
பின்னால் இருந்த கூட்டாளிக்குத்
தோளில் பதினோரு தையல்.

தையல் என்றதும் விரல் கணக்குப் போட்டது.
நான் அங்குலத்துக்கு ஏழு போடுவேன்.
ஆஸ்பத்திரியில் எவ்வளவு இடைவெளி விடுவார்களோ.

ஆடு தாங்காது, மாட்டுத்தோல்தான் என்றேன்.
கிழியாதே, என்று மட்டும் கேட்டான்.

வரைய வேறு காகிதம் இல்லை.
போன மாத நாட்காட்டித் தாளைக் கிழித்து விரித்து
அரிவாளை வைத்துப் பென்சிலால் சுற்றினேன்.
கோடு மூன்றாம் தேதியில் கிளம்பி
அமாவாசையை உரசி
சம்பள நாளைக் குறுக்கே அறுத்து
பொது விடுமுறையின் சிவப்பில் போய் முடிந்தது.
அவன் எட்டிப் பார்த்தான்.
அன்றைக்கும் வேலை இருந்தது என்றான்.

பிறகு, தீட்டத் தீட்ட இது சிறுத்துப் போகும் என்றான்.
எவ்வளவு?
சுண்டுவிரல் நகத்தைக் காட்டினான்,
சில மாதத்துக்கு அவ்வளவு.
தேய்கிற பொருளுக்கு நான் அளவெடுத்ததில்லை.
பணம் தேய்ந்தால் பணப்பை என்னிடம் வந்து நிற்காது.
இரவு முழுக்க யோசித்து
வாரில் இரண்டு பொத்தான் வைத்தேன்:
இன்றைய அரிவாளுக்கு ஒன்று,
தீபாவளி அரிவாளுக்கு ஒன்று.
முப்பத்தைந்து வெள்ளி.
மெழுகு தேய்த்த நூல் இழுத்து
ஆள்காட்டி விரலில் கோடு விழுந்தது,
அதற்குக் காசு சேர்க்கவில்லை.

அடுத்த சனி, மஃரிப் பாங்கு ஓய்ந்த நேரம்,
கேட்டுக்கு வெளியே ஐந்து மோட்டார் சைக்கிள்.
ஐந்து ஆண்கள்.
ஐந்து அரிவாள்.
கிருபாவதி அக்கா சன்னலைச் சாத்திவிட்டு
போலீஸ் நம்பர் என்னடி என்று
என்னையே கூப்பிட்டுக் கேட்டாள்.
நான் அளவு நாடாவோடு போய்க் கேட்டைத் திறந்தேன்.

அதில் ஒருவன், இருபது வயது இருக்கும்,
முதலில் தண்ணீர் கேட்டான்.
சொம்பை அண்ணாந்து காலி செய்து
இன்னொன்று கேட்டான்.

இந்த மாதம் இன்னும் முடியவில்லை.
ஆணியிலிருந்து நாட்காட்டியைக் கழற்றி
கடைசியிலிருந்து டிசம்பரைக் கிழித்தேன்.
வை தம்பி,
கூர் உன் பக்கம் இருக்கட்டும்.